பாதிப் பாட்டில் மாறிய தாளம்

நீ போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. நேற்று உன் மகள் உன் கிடாருக்கான பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரை என் வீட்டில் கொண்டுவந்து வைத்தாள். சுவிட்சைப் போட்டதும் தூசி சூடேறிக் கருகும் அதே வாசனை. என் கால் தானாகத் தரையைத் தட்ட ஆரம்பித்துவிட்டது. எழுபத்தைந்து வயதில் என்ன ஆட்டம் இது! உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

செகந்திராபாத்தில் அப்போது நம்மைத் தெரியாத கல்லூரி உண்டா? சர்ச் பாடகர் குழுவிலிருந்து கிளம்பிய நாலு தமிழ்ப் பையன்கள். தோள்வரை முடி, பூப்போட்ட சட்டை. நீ கிடார், நான் டிரம்ஸ். உன் கிடார் அலறுவதைக் கேட்டுப் பாஸ்டர் நமக்காகத் தனியாக ஜெபம் பண்ணினார். நம் சொந்தப் பாட்டு ஒன்றே ஒன்று, இருபது நிமிடம் ஓடும். வார்த்தைகள் நாலு வரிதான். மீதி நேரமெல்லாம் நீ கண்ணை மூடிக்கொண்டு எங்கேயோ போவாய். "நான் எங்க போனாலும் நீ தாளத்த விட்டுறாதடா, அதப் புடிச்சுதான் திரும்பி வரணும்" என்பாய்.

இரண்டே வருஷத்தில் காற்று மாறியது. கல்லூரிகள் சினிமாப் பாட்டு கேட்டன. நமக்கு மிஞ்சியவை கல்யாண ரிசப்ஷன்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் கைகோத்து ஆட நாம் மூன்று தட்டுத் தாளத்தில் வால்ட்ஸ் வாசிக்க வேண்டும். "வால்ட்ஸ் நக்கோ டா, வேணவே வேணாம், கை துருப்பிடிச்சுடும்" என்று எரிந்து விழுவாய். ஆனாலும் வாசித்தாய்.

என் அக்கா ரிசப்ஷனில்தான் அது நடந்தது. அக்காவும் அத்தானும் ஆடுவதற்கு வந்து நின்றார்கள். நீ வால்ட்ஸை விட்டுவிட்டு நம் பாட்டை எடுத்தாய். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அத்தான் கையைப் பிசைந்தார். அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்து, "ஏலே, ஒங்க அக்காவ இப்படி சபையில நிக்க வச்சிட்டியே!" என்று பல்லைக் கடித்தார்.

என் கை மாறிவிட்டது. நீ கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று, இரண்டு, மூன்று என்று வால்ட்ஸ் தாளத்தைப் போட்டேன். மற்ற இருவரும் என் பின்னால் வந்துவிட்டார்கள். நீ கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்தாய். பிறகு கிடார் ஒயரைப் பிடுங்கிச் சுற்றிக்கொண்டு படியிறங்கிப் போனாய். கூட்டம் கைதட்டி ஆடியது. அதோடு நம் குழு முடிந்தது.

அப்புறம் நீ பட்டான்செருவில் மருந்துக் கம்பெனி, நான் நாச்சாரத்தில் ஒரு பட்டறை. ஐம்பது வருஷமாக ஞாயிறு தவறாமல் சர்ச் வாசலில் சந்தித்தோம். ஷிப்ட், சுகர், பிள்ளைகள் படிப்பு, எல்லாம் பேசினோம். அந்தப் பேச்சை மட்டும் நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இன்றைக்குக் கேட்டுவிடுவாயோ என்று ஒவ்வொரு வாரமும் நானே முந்திக்கொண்டு வேறு பேச்சை ஆரம்பிப்பேன்.

நேற்று உன் மகளிடம் கேட்டேவிட்டேன். "டாடி ஏன் வாசிக்கிறத விட்டாருன்னு உங்கிட்ட எப்பவாவது சொல்லிருக்காரா?"

"ஹவ் அங்கிள், ஆமா, எத்தனையோ தடவ. அவருக்கே போரடிச்சுப் போச்சாம். நீங்க ஓடி வந்து கையப் புடிச்சு அவ்ளோ கெஞ்சினீங்களாம். டாடிதான் கேக்கலையாம்."

பாவி! ஒரு தடவை என் சட்டையைப் பிடித்து நாலு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? நான் எழுந்து வருவேன் என்று அந்தப் படியில் காத்திருந்தாயா? நான் ஸ்டூலை விட்டு அசையவே இல்லையே.

"ஆமாம்மா, ரொம்பக் கெஞ்சினேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.