சந்தனம் அடைத்த துளைகள்

அத்தான்,

காலையில் சந்தனம் அரைத்தேன். இன்று ஆயுத பூஜை. அரிவாள்மனைக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வைத்துவிட்டு, நீங்கள் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த டர்பைன் தகட்டைக் கையில் எடுத்தேன். மின்நிலையத்தில் ஓடித் தேய்ந்து கழித்துப்போட்டது. உள்ளங்கை நீளம், உள்ளே காற்று போகிற பொள்ளல், முகமெங்கும் ஊசித் துளைகள்.

நீங்கள் அதைக் கொண்டுவந்த வருஷப் பூஜைக்கு அதன் முகம் நிறையச் சந்தனம் அப்பினேன். பார்த்ததும் கத்தினீர்கள். "ஏட்டி, அதுக்க மூச்சை அடைச்சிட்டியே!"

"ஓடாத தகட்டுக்கு என்னத்துக்கு மூச்சு?" என்று நானும் விடவில்லை.

தையல் ஊசியால் ஒவ்வொரு துளையாகக் குத்தி, அடிவாயில் ஊதிக் காற்று வருகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். வெளியே ஓடுகிற வாயு இந்தத் தகட்டையே உருக்கும் சூடு. துளை வழியே வரும் குளிர்ந்த காற்று தகட்டின் மேல் மெல்லிய தோலாகப் படர்ந்து அதைக் காக்கிறது. "அந்தத் தோல் கிழிஞ்சா தீந்துது."

அது எப்படிக் கிழியும் என்று எனக்குப் புரிந்தது ஆரல்வாய்மொழியில். பஸ்ஸுக்கு நின்றோம். மலையிடுக்கில் நெருங்கி வேகம் கூடிய காற்று ஆளைத் தள்ளியது. பயந்து உங்கள் கையைப் பிடித்தேன். "வேகத்துக்குப் பேடிக்காத. சேலை ஒட்டித்தானே கிடக்கு? இடுக்குல வேகம் கூடுன காத்து அமுக்கிப் பிடிக்கும்," என்றீர்கள். அந்நேரம் ஒரு லாரி கடந்தது. அதன் பின்னால் சுழன்ற காற்று முந்தானையைப் பிய்த்துக்கொண்டு போனது. "இதுக்குப் பேடி. கலங்கி வார காத்துதான் தோலைக் கிழிக்கும்."

ஒருமுறை வளைகுடா மின்நிலையத்தில் ஒரு தகடு உருகி முறிந்து, பக்கத்துத் தகடுகளையும் நொறுக்கியதாம். அதைச் சொல்ல ஆரம்பித்தவர் பாதிச் சோற்றில் கை கழுவினீர்கள். மீதியை நான் கேட்கவே இல்லை.

இப்போது உங்கள் மகள் அதே வேலையில் இருக்கிறாள். பழுது பார்த்த டர்பைனை இன்று ஓட விடுகிறார்கள். சற்றுமுன் போன் செய்தாள்.

"அம்மா, பூஜை போட்டாச்சு. இனி ஸ்டார்ட் பண்ண வேண்டியதுதான்."

உடனே கேட்டேன். "சந்தனம் எங்க வச்சாவ மக்களே?"

"வெளிக்கதவுலம்மா! உள்ள தகட்டுல அப்புகதுக்கு நீயா வந்திருக்க?"

"துளையெல்லாம் ஆரு பாத்தா?"

"நான்தான்."

அதைக் கேட்டதும் பயம் இரண்டு மடங்காயிற்று. அடைபட்ட துளை ஒன்று அவள் கண்ணுக்குத் தப்பியிருந்தால்? அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில்தானே அவளும் நிற்பாள்? வந்துவிடு என்று சொல்ல வாய் வந்தது. போனை வைத்தேன். சாமி முன்னால் உட்கார்ந்தேன். மந்திரம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஊசியை எடுத்து, பழைய சந்தனம் ஒட்டிக்கிடந்த துளைகளைக் குத்தத் தொடங்கினேன். சந்தனப் பொட்டைத் தகட்டின் அடிக்கட்டையில், துளை இல்லாத இடத்தில் வைத்தேன்.

மறுபடி போன் வந்தது. "ஓடுதும்மா."

"கலங்காம ஓடுதா?"

"அப்பா கேக்குகது மாதிரியே கேக்குக," என்று சிரித்தாள்.

ஓடத் தொடங்கிவிட்டது, அத்தான். இனி அது நிற்கிற வரைக்கும் எனக்குப் பயம்தான். உங்களிடமிருந்த அந்தப் பயத்தை நீங்கள் கண்மூடியபோது கொண்டுபோகவில்லை. எனக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். நீங்கள் செய்ததுபோல் தகட்டின் அடிவாயில் உதட்டை வைத்து மெல்ல ஊதினேன். துளைகளின் மேல் வைத்திருந்த விரல்களில் காற்று பட்டது.