இரண்டாந்தரம் தொட்ட பிறகு

திங்கள் இரவு.

பட்டாசு ஆலை விபத்தில் மங்கிய கண்கள் ஜெபத்தில் குணமாகிவிட்டதாக, நேற்று ஆராதனையில் என் கணவர் எழுந்து சாட்சி சொன்னார். சபையே அழுதது. நாளை மறுபடி வெடிமருந்து கலக்கும் அறைக்குப் போகிறார்.

இன்று மாலை வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "யாரு? உள்ள வாங்க" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "பெத்சாயிதாக் குருடனுக்கே, இயேசு மொதல்ல தொட்டப்ப மனுசங்க மரமாட்டந்தான் தெரிஞ்சாக. ரெண்டாந்தரம் தொட்ட பெறகுதான் தெளிஞ்சுச்சு. நீங்களும் பொறுங்க."

"சந்தேகப்பட்டா இருக்கிறதும் போயிரும்" என்று கையை உருவிக்கொண்டார்.

அவருக்குத் தெரியாமல் ஆலை போர்மேனுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன்.

"அவுகளே தெரியுதுங்காக. சீசன் நேரம்மா, அனுப்பி வைங்க."

அவர் நிம்மதியாகத் தூங்குகிறார். ஆறு மணிக்கு வேன் வந்துவிடும்.