சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது இங்கிலீஷ்

அக்கா,

இன்று காலை உங்கள் வீட்டிலிருந்து தாளித்த வாசம் வந்தது. கூடவே உங்கள் மகளின் குரலும்: "கம். சிட். ஈட். ஃபாஸ்ட்." உங்கள் பேத்தியிடம்தான். ஒன்றாம் வகுப்பில் சேர்த்த பள்ளியில், வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். உங்கள் மகளுக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான். அதனால் அந்த வீட்டில் ஏவல் மட்டும் மிஞ்சியிருக்கிறது, பேச்சு நின்றுபோயிற்று.

நீங்கள் உயிரோடு இருந்தவரை நம் நடுச்சுவர் ஓய்ந்ததில்லை. மகளைத் தெலுங்கில் வைவீர்கள். அதே மூச்சில் என்னிடம் தமிழில் மோர் கேட்பீர்கள். "இவள வையுததுக்குத் தமிழ் பத்தாது, ஏட்டி" என்பீர்கள். பசுவந்தனைப் பள்ளியில் பாடம் நடத்த நாம் ஒன்றாகப் பஸ் ஏறிய காலத்தில், உங்கள் ஆங்கில வகுப்பை ஜன்னல் வழியே பார்த்திருக்கிறேன். முந்தின நாள் வீட்டில் நடந்ததைப் பிள்ளைகள் தெலுங்கிலோ தமிழிலோ சொல்ல வேண்டும். ஆடு பருத்தியை மேய்ந்தது, விரட்டிப் போன அப்பா கரிசல் சகதியில் விழுந்தது. எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகுதான் ஆட்டுக்கும் ஓட்டத்துக்கும் விழுந்ததற்கும் ஆங்கிலம் கொடுப்பீர்கள். "சொல்லுததுக்கு ஒண்ணு இருந்தாத்தான பிள்ள வாயத் திறக்கும்?" என்று என்னிடம் கேட்பீர்கள்.

நேற்று மாலை வேனிலிருந்து இறங்கிய பேத்தி, பையைக்கூடக் கழற்றாமல் தெலுங்கில் என்னவோ சொல்ல ஆரம்பித்தாள்.

"இங்கிலீஷ்!" என்றாள் அம்மா.

குழந்தை கொஞ்சம் யோசித்தது. "நத்திங், மம்மி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போய்க் கேட்டேன்.

"ஏட்டி, பிள்ள வாய அடைச்சிட்டியே?"

"நீங்க சும்மா இருங்க சித்தி. எங்கம்மா ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தாவ. எங்கிட்ட ஒரு வார்த்த அதுல பேசுனாவளா? இன்டர்வியூல நான் ஊமை மாதிரி நின்னேன். இவளும் நிக்கணுமா?"

இதற்கு நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? இன்று பகல் முழுக்கக் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பேசிப் பழகாமல் நாக்கு எப்படித் திரும்பும்? ஆனால், சொல்ல வந்ததை விழுங்கியே பழகும் குழந்தை எந்த மொழியில்தான் பேசும்?

மாலையில் வேன் வந்ததும் பேத்தியை நானே நிறுத்தினேன். நேற்று என்ன சொல்ல வந்தாய் என்று, உங்களிடமிருந்து பொறுக்கிய அரைகுறைத் தெலுங்கில் கேட்டேன். என் உச்சரிப்பைக் கேட்டு முதலில் சிரித்தாள். பிறகு கொட்டினாள்: வேனின் பின்சீட்டுக்கு அடியில் பூனை குட்டி போட்டிருக்கிறதாம், குட்டிகள் முழித்துவிடும் என்று டிரைவர் மாமா ஹாரனே அடிக்கவில்லையாம்.

வாசற்படியில் உங்கள் மகள் நின்றிருந்தாள். தடுக்கவில்லை. எத்தனை குட்டி என்று தெலுங்கில், தன்னை அறியாமலே கேட்டாள். கேட்ட பிறகு என்னை முறைத்தாள்.

நாளைக்கு என்ன செய்வாளோ, தெரியாது. நீங்கள் விட்டுப்போனதில் என் கையில் இருப்பது அந்த அரைகுறைத் தெலுங்குதான், அக்கா. வேன் வரும் நேரத்துக்கு அதோடு வாசலில் போய் நிற்பேன்.