எம்.பி.க்குப் போர்த்திய பொன்னாடை

என் அண்ணாவுக்கு,

எங்கே இருந்தாலும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள். இது கொஞ்சம் நீளும்.

நேற்று உங்கள் எம்.பி.யின் ஆபீஸிலிருந்து போன் வந்தது. அமெரிக்காவில் எம்.பி. கிடையாது, காங்கிரஸ்மேன் என்று சொல்லவேண்டும் என்று நீங்கள் எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறீர்கள். எனக்கு அவர் எம்.பி.தான். இப்போது மேல்சபைக்கு, செனட்டுக்கு, நிற்கப்போகிறாராம். ஹூஸ்டனில் நம் தமிழ் டாக்டர்களும் என்ஜினியர்களும் சேர்ந்து ஒரு கூட்டம் வைக்கிறார்கள். உங்கள் ஞாபகமாக நான் மேடையேறி அவருக்குப் பொன்னாடை போர்த்தவேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அசதியாக இருக்கிறது அண்ணா. கோபப்படக்கூடத் தெம்பில்லை.

அவர் கதையெல்லாம் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவருடைய அப்பா சர்ச்சில் பிரசங்கம் செய்தவர். இவர் டிராக்டர் விற்றவர். டிராக்டர் வாங்க வந்தவர்களிடம் அரசாங்கத்தைத் திட்டித் திட்டியே மாநில சட்டசபைக்குப் போனார், அங்கிருந்து வாஷிங்டனுக்குப் போனார். வரியைக் குறை, பாதி இலாகாக்களை இழுத்து மூடு, ஏழைத் தாய்மார்களுக்குக் கொடுக்கிற உதவியை நிறுத்து, வெளிநாட்டுக்காரன் வருகிற கதவைச் சாத்து. வருஷா வருஷம் இதே பாட்டுத்தான். பேப்பரில் அவர் தலையில் கொம்பு வைத்துக் கார்ட்டூன் போட்டால், அதையும் பிரேம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டிக்கொள்வார்.

இந்த ஊரில் பாதிப் பேருக்கு அவர் சாமி. மீதிப் பேருக்கு அவர் பெயரைக் கேட்டாலே ஆகாது. ஆனால் தொகுதியில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார். அவரைப் பிடிக்காதவர்களும் இதை ஒப்புக்கொள்வார்கள்.

உங்கள் கிளினிக்குக்கு ரத்த அழுத்தத்துக்கு வைத்தியம் பார்க்க வந்தவர், சிநேகிதரே ஆகிவிட்டார். சென்னையில் அம்மாவுக்கு விசா மறுத்துக்கொண்டே இருந்தபோது அவர் ஆபீஸ்தான் கேட்டு எழுதியது. அம்மா வந்து இறங்கினார்கள். ஒரு கோடை முழுக்க உங்கள் வீட்டுக் கொல்லையில் வெண்டைக்காய் போட்டார்கள். அந்த நன்றியை நீங்கள் கடைசிவரை விடவில்லை.

"அந்த ஆளு நம்மளத்தான் வேண்டாங்கறாருங்கண்ணா" என்று நான் சொன்னால் சிரிப்பீர்கள்.

"அட, அவரு சொல்றது நம்மள இல்ல கண்ணு. நாம லைன்ல நின்னு வந்தவங்க. லைன தாண்டிக் குதிக்கிறவனத்தான் அவரு திட்டறாரு."

லைனில்தானே நின்றான் நம் தம்பி செந்திலும்? நீங்கள் சிட்டிசன் ஆன கையோடு அவனுக்கு அப்ளை பண்ணினீர்கள். உடன்பிறந்தவர்களுக்கான அந்த வரிசை நகர்ந்தால்தானே. கரூரில் நூல் கடையைப் பார்த்துக்கொண்டு, போன் பண்ணும்போதெல்லாம் "ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களாண்ணா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு அந்தப் பொங்கல் விழா வந்தது. பள்ளிக்கூட ஆடிட்டோரியத்தில் எம்.பி.யை மேடையேற்றினீர்கள். நெற்றியில் சந்தனம், குங்குமம், கழுத்தில் மாலை, மேலே சரிகை மின்னும் பொன்னாடை. பொன்னாடையை நான்தான் தியாகராய நகரிலிருந்து வாங்கி வந்திருந்தேன். "இதை நான் என்ன செய்யவேண்டும் டாக்டர்?" என்று அவர் கேட்டார். "ஒன்றும் செய்யவேண்டாம், உங்களுக்கு மரியாதை" என்றீர்கள். மனுஷன் முகமெல்லாம் சிவந்து, சந்தோஷமாகத்தான் இருந்தார். பொய் சொல்லக்கூடாது.

நம் ஊரில் கவுன்சிலருக்குப் போர்த்தினால் காரியம் நடக்கும். அந்தப் பழக்கத்தை நாம் விமானத்தில் கூடவே கொண்டுவந்துவிட்டோம். இந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம் ஆகும் என்று நம் யாருக்கும் தோன்றவில்லை, படித்தவர்கள் அத்தனை பேர் இருந்தும்.

போட்டோ ஊர்ப் பத்திரிகையில் வந்தது. அவர் கட்சிக்குள்ளேயே நடக்கும் வேட்பாளர் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவன், அந்தப் போட்டோவைப் பெரிதாக அச்சடித்து வீட்டுக்கு வீடு தபாலில் அனுப்பினான். உங்கள் எம்.பி. யாருடைய சாமிக்குத் தலை குனிகிறார் பாருங்கள் என்று கீழே எழுதியிருந்தது. சர்ச்சில் இவரை நிற்கவைத்துக் கேட்டார்களாம். ஆடிப்போய்விட்டார். தான் யார் என்று காட்டவேண்டுமே! உடன்பிறந்தவர்களைக் கூப்பிட்டுக்கொள்ளும் வழியையே அடைக்கவேண்டும் என்று ஒரு மசோதா வந்தபோது, முதல் ஆளாகப் பெயர் கொடுத்துச் சபையில் முழங்கினார். டி.வி.யில் காட்டினார்கள். நீங்கள் டி.வி.யை அணைக்கவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்தீர்கள்.

"எலெக்‌ஷன் டைம்ல அப்படித்தான் பேசுவாங்க மல்லி" என்றீர்கள். உண்மையிலேயே அப்படித்தான் நம்பினீர்களா அண்ணா? இல்லை, என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னீர்களா? அந்த மசோதா தேறவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் அவரைப் பற்றி அதிகம் பேசவுமில்லை.

போன வருஷம், கிளினிக்கில் நோயாளி ஒருவரின் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாய்ந்தீர்கள், எழுந்திருக்கவேயில்லை. செந்தில் அன்றைக்கே விசா கேட்டுச் சென்னைக்கு ஓடினான். இவன் பெயரில் குடியேற ஏற்கெனவே மனு இருக்கிறது, போனால் திரும்பமாட்டான் என்று விசா இல்லை என்றுவிட்டார்கள். நீங்கள் ஆசை ஆசையாகப் போட்ட அந்த மனுவே அவன் காலை வாரிவிட்டது. நான் எம்.பி. ஆபீஸுக்குப் போன் பண்ணினேன். ஒரு பெண் ரொம்ப மரியாதையாகப் பேசினாள். தேர்தல் நேரம் மேடம், விசா விஷயங்களுக்கு இப்போது கடிதம் தருவதில்லை என்றாள்.

ஆனால் அவர் வந்தார் அண்ணா. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நடிப்பில்லை, எனக்குத் தெரியும்.

"அண்ணனுக்குக் கடைசிக் காரியம் செய்யவேண்டிய தம்பி இங்கே இல்லை, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன்.

"தெரியும். ரொம்ப வருத்தம். ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே அம்மா" என்றார்.

உங்கள் மகள் ப்ரியா, "ஐ வில் டூ இட், அத்தை" என்று முன்னால் வந்து, தகன மேடையின் பட்டனை அழுத்தினாள். என் வீட்டுக்காரர் செல்போனை உங்கள் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் கரூரில் செந்தில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு கேட்டுக்கொண்டிருந்தான். மந்திரம் நின்றதும், "முடிஞ்சுதுங்களாக்கா?" என்றான். "போயி ஈரத்தத் தொவட்டு கண்ணு" என்றேன்.

வக்கீல் சொன்ன இன்னொன்றையும் உங்களிடம் சொல்லாமல் இருக்கமுடியாது. மனு போட்டவர் போனால் மனுவும் போய்விடுமாம். அத்தனை வருஷம் நின்ற வரிசையில் தம்பிக்கு இப்போது இடமே இல்லை.

நேற்று ராத்திரி அண்ணியைக் கேட்டேன், பொன்னாடைக்கு என்ன சொல்ல என்று. "உனக்கு எது தோணுதோ அதச் செய் மல்லி. எனக்கு அந்தாளு மேல கோவமுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார்கள். எனக்கும் ஏறக்குறைய அப்படித்தான். நல்ல மனுஷன் என்று நீங்கள் சொன்னது தப்பில்லை. நம் வீட்டு வாசல்வரை நல்ல மனுஷன்தான். அவர் போடச்சொல்லும் சட்டம் நம் வாசலோடு நிற்பதில்லையே அண்ணா, அதற்கு என்ன செய்ய?

இன்று காலை போன் பண்ணி வரமுடியாது என்று சொல்லிவிட்டேன். டாக்டரின் குடும்பத்தில் வேறு யாராவது வருவார்களா என்று அந்தப் பெண் கேட்டாள். தம்பி ஒருவன் இருக்கிறான், அவனுக்கு விசா இல்லை என்றேன். "ஹேவ் எ நைஸ் டே, மேடம்" என்றாள்.

அடுத்த மாதம் நான் சிட்டிசன் ஆகிறேன். அன்றைக்கே செந்திலுக்கு அப்ளை பண்ணிவிடுவேன். வரிசையின் வாலில், முதலிலிருந்து. உங்கள் எம்.பி.க்கு என் ஓட்டு கிடையாது, இதற்காக நீங்கள் கோபித்தாலும் சரி. தியாகராய நகரில் அதே கடையில் இன்னொரு பொன்னாடை வாங்கிப் பெட்டியில் வைத்திருப்பேன். அவன் வந்து இறங்கும்போது எங்கள் இருவருக்கும் தலை நரைத்திருக்கும். பரவாயில்லை. ஏர்போர்ட்டில் எல்லோரும் பார்க்க, அதை அவன் தோளில் போர்த்துவேன்.

வரிசையில் நிற்கும்
உங்கள் தங்கச்சி,
மல்லிகா