வாலில் இருந்த சேதி

என் வீட்டுக்காரிக்கு,

பெண்கள் வார்டுக்குள் என்னை விடவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நானே என் கையால் எழுதுகிறேன்.

வயிற்றில் கட்டிதான் என்று முடிவுகட்டி, புடவைகளை மருமகள்களுக்குப் பங்கு பிரித்தாயாமே!

பரிசோதனை முடிவு வந்ததும் நர்ஸம்மா நோயின் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதித் தந்தாள். "உங்களுக்குத்தான் இப்ப படிக்கத் தெரியுமே தாத்தா, நீங்களே படிங்க. பேரோட தலை எந்த உறுப்புன்னு சொல்லும். வால்ல 'ஓமா' வந்தா கட்டி, 'ஐட்டிஸ்' வந்தா வெறும் அழற்சி."

கே... கேஸ்ட்... அதற்குமேல் போகப் பயமாக இருந்தது. எழுத்தெல்லாம் மீன் குஞ்சுகளாகக் கண்ணுக்குள் நீந்தின. மெல்ல வாலைப் பிடித்தேன்.

"ரைட்டிஸ்... ஐட்டிஸ்!" என்று கத்திவிட்டேன்.

வாட்ச்மேன், "என்ன பெருசு, பரீட்சையில பாஸா?" என்றான்.

"நான் இல்லப்பா, என் பொண்டாட்டி!"

இப்படிக்கு,
நேற்றுவரை கைநாட்டு வைத்த உன் புருஷன்