அப்பாவின் இடது கை

மார்ச் 4

இன்று மேசைக்கு வந்த விண்ணப்பம்: எரிந்துபோன சோபா. 'தானாகவே பற்றிக்கொண்டது' என்று எழுதியிருக்கிறார் வீட்டுக்காரர். சோபா கரிக்கட்டை. பின்னாலிருக்கும் திரைச்சீலையில் ஒரு பொட்டுப் புகைகூட இல்லை. காப்பீட்டு அலுவலகத்தில் இத்தனை வருஷம் உட்கார்ந்து நான் சேர்த்த ஒரே சொத்து இந்த மூக்குதான். பொய் எங்கிருந்தாலும் வாடை வந்துவிடும்.

மதியம் ஒரு தொலைபேசி. "நீங்க அந்த பியானோக்காரரோட பொண்ணுதானே?" அப்பாவைப் பற்றி யாரும் விசாரித்து எத்தனை காலமாயிற்று! சின்னதாக ஓர் இசைத்தட்டுக் கம்பெனி நடத்துகிறாராம். அப்பா ஜாஸ் வாசித்த ஒலிநாடா ஒன்று கிடைத்திருக்கிறதாம். வெளியிடக் குடும்பத்தின் சம்மதம் வேண்டுமாம்.

அப்பா வாழ்நாளெல்லாம் ஓட்டல் சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் வாசித்தவர். கேட்டவர்கள் எல்லோரும் மென்றுகொண்டிருந்தவர்கள். இரண்டு இசைத்தட்டுகள் வந்தன. வந்த சுவடே தெரியாமல் போயின. அவர் செத்து ஆறு வருஷம் கழித்து ஒருவர் தேடி வருகிறார் என்றால் — ஆதாயம் இல்லாமல் யார் ஆற்றில் இறங்குவார்கள்?

மார்ச் 9

வந்தார். பெரிய தாடி. அதற்குள் என்ன முகம் இருக்கிறதோ. செருப்பைக் கழற்றி ஜோடி சேர்த்து வைத்தார். இவ்வளவு ஒழுங்கு எதற்கு?

"ஓட்டலை இடிக்கறதுக்கு முன்னாடி சாமானெல்லாம் வித்தாங்க. ஒரு ஒலிபெருக்கிப் பெட்டிக்குள்ள இந்த நாடா கிடந்துச்சு" என்றார்.

"எத்தனையோ பேர் வாசிக்கிறாங்க. எங்கப்பா எதுக்கு?"

"அவரோட ரெண்டாவது ரெக்கார்ட கேட்டதுலேர்ந்து, வேற யாரு வாசிச்சாலும் அவசரப்படற மாதிரியே இருக்குங்க."

நல்ல பேச்சு. வீட்டில் ஒத்திகை பார்த்திருப்பார்.

அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் போகும்வரை திறக்கவில்லை. எனக்கு ஏழு வயதாக இருந்தபோது அப்பாவை விட்டு என்னை இழுத்துக்கொண்டு வந்தவள். காரணம் சொன்னதில்லை. உறவுக்காரர்கள்தான் 'வேற ஒருத்தி' என்று காதோடு காதாகச் சொல்வார்கள். அம்மா ஒன்று மட்டும் சொல்வாள்: "அந்த ஓட்டல் வாசலை நான் மிதிச்சதே இல்ல."

நாடாவின் பிரதியை விட்டுப் போயிருக்கிறார்.

மார்ச் 10

கேட்கவில்லை.

மார்ச் 12

மதிய இடைவேளையில், காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டேன்.

என்ன சொல்வது? அப்பா தாளத்துக்குக் கொஞ்சம் பின்னாலேயே வருகிறார். சோம்பல் இல்லை. பேருந்து போய்விடுமோ என்ற பயமே இல்லாத ஒருவரின் நடை. ஒரு சுரத்தை வைத்துவிட்டு நிற்கிறார். அடுத்து இதுதான் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அவர் வேறொன்றை, அதைவிடச் சின்னதை, கொண்டுவந்து வைக்கிறார். அதுதான் சரி என்று அப்புறம்தான் புரிகிறது. இவரையா அத்தனை பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள்? நானும்தானே கேட்டேன். என்ன கேட்டேன்?

ஆனால் மூன்றாவது பாட்டு. அங்கேதான் மூக்கு விழித்துக்கொண்டது.

கல்யாணத்துக்கு முன்பே கார் கதவில் நசுங்கி, அப்பாவின் இடது கைச் சுண்டுவிரல் நீட்ட வராமல் போயிற்று. கையை விரித்து எட்ட வேண்டிய பியானோக் கட்டைகளை அவர் தொடவே மாட்டார். "எனக்கு ஒம்பதரை விரல்தான்" என்று சிரிப்பார். இந்தப் பாட்டில் அடியாழத்தில் கனமான சுரங்கள் நிற்கின்றன. அதே நேரம் நடுவிலும் மேலேயும் கைகள் ஓடுகின்றன. சுரத்தை நீட்டிக்கிற கால்மிதியை அழுத்திப் பிடித்திருந்தால் எல்லாம் கலங்கிக் கேட்கும். இது கண்ணாடி மாதிரி இருக்கிறது.

இது அப்பாவின் கை இல்லை. இப்போதெல்லாம் செத்தவர் குரலையே கம்ப்யூட்டரில் பாட வைக்கிறார்கள். பியானோ எந்த மூலைக்கு?

மார்ச் 15

தாடிக்காரரின் இடத்துக்கே போனேன். சலவைக் கடைக்கு மேலே ஓர் அறை. கீழே துணி சுழல்கிற அதிர்வில் தண்ணீர்க் குவளை நடுங்குகிறது.

"மூணாவது பாட்டு போலி" என்றேன்.

அவர் சண்டைக்கு வரவில்லை. "இடது கை எனக்கும் இடிக்குதுங்க" என்றார்.

"அப்ப ஏன் மறைச்சீங்க?"

"சொன்னா சம்மதிக்க மாட்டீங்கன்னு பயம்."

பார்த்தாயா! ஒன்றை மறைத்தவர் இன்னும் எத்தனை மறைத்திருப்பார்? "ஒரிஜினலைப் போடுங்க" என்றேன். பெரிய சக்கரங்கள் சுற்றின. பிரதியில் பாட்டு மட்டும்தான் இருந்தது; இதில் அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. நாற்காலி கிறீச்சிடுகிறது. "இன்னொரு தடவை" என்கிறார் அப்பா. அப்பாவேதான். அந்தக் குரலுக்கு எனக்கு யாரும் சான்றிதழ் தர வேண்டாம். பாட்டு. பாட்டு முடிந்ததும் பக்கத்திலேயே, மிகப் பக்கத்தில், ஒரு பெண்ணின் சிரிப்பு. அடக்க முடியாமல் வெடிக்கிற சிரிப்பு.

இரண்டு பேரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அடியாழத்துச் சுரங்கள் அவளுடையவை.

நாடா போலி இல்லை. போலியாகவே இருந்திருந்தால் தேவலை.

மார்ச் 16

பெட்டியின் மேல் வருஷம் எழுதியிருக்கிறது. அப்போது எனக்கு மூன்று வயசு. நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்த காலம். யாருப்பா அவ? எங்க இருந்தா? வீட்டுல நாங்க ரெண்டு பேரும் உனக்காகக் காத்துக்கிட்டிருக்கும்போது நீ எவளையோ பக்கத்துல உட்கார வச்சு — அதுவும் அந்த மாதிரி வாசிச்சிருக்கியே. அதுதான் பொறுக்க முடியல. மோசமா வாசிச்சிருக்கக் கூடாதா?

வெளியிட விடமாட்டேன். அம்மா காதில் இது விழவே கூடாது.

மார்ச் 20

விழுந்துவிட்டது.

அம்மா கடைக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்து தாடிக்காரரிடம் வாங்கி வந்த முழுப் பிரதியில் அந்தச் சிரிப்பை மறுபடி போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். உறவில் யாருடைய குரலாவது ஒத்துப்போகிறதா என்று. திரும்பினால் கையில் பையோடு வாசற்படியில் நிற்கிறாள்.

"அம்மா, இது ஆபீஸ் விஷயம்…"

"எதுக்கு மழுப்பறே? அது நான்தான்."

எனக்கு வந்த முதல் எண்ணத்தை எழுதவே கூசுகிறது: பொய் சொல்கிறாள். செத்தவரின் மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறாள். சோபாக்காரரைக் கேட்பது போலவே கேட்டேன். "அப்படின்னா பாட்டு எப்படிப் போகும், சொல்லு பாப்போம்."

அம்மா பையைக் கீழே வைத்தாள். "நடுவுல ஒரு எடத்துல நிப்பாட்டுவாரு. ரெண்டு பேரும் மூச்சு விடாம இருப்போம். முதல்ல நான்தான் அழுத்தணும். அப்புறம்தான் அவர் வருவாரு. நான் லேட்டா அழுத்தினேன். அதுக்குத்தான் அந்தச் சிரிப்பு."

போட்டுப் பார்த்தேன். நின்றது. மௌனம். கீழே இருந்து ஒரு சுரம், ஒரு மயிரிழை தாமதமாக. பிறகு அப்பா.

"வாசலை மிதிச்சதே இல்லன்னியே?"

"மிதிச்சேன்னு சொன்னா, ஏன் திரும்பிப் போகலன்னு கேப்ப."

"ஏன் போகல? அந்த வேற ஒருத்தி…"

"அப்படி எவளும் இல்ல. ஊர்ல சொன்னாங்க, நான் மறுக்கல. அது சொல்லிப் புரிய வைக்கச் சுலபம்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "அவருக்கு எட்டாத நாலு கட்டைய எனக்குக் குடுத்தாரு. நீ மேசைக்கடியில தூங்கிட்டிருந்த. எனக்குப் பாட்டும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. கண்ணால ஜாடை காட்டுவாரு, அழுத்துவேன். சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. ஆனா அதுக்கப்புறம் வருஷக்கணக்கா அந்த ஜாடைக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். வாழ்க்கை பூரா நாலு கட்டையோட உட்கார்ந்திருக்க முடியுமா?"

அம்மாவின் சிரிப்பை எனக்கு அடையாளம் தெரியவில்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில். அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

மார்ச் 27

அம்மாவைச் சலவைக் கடை மாடிக்கு அழைத்துப் போனேன். முழு நாடாவையும் கேட்டாள். முடிந்ததும் தாடிக்காரர் மெல்லக் கேட்டார்: "சிரிப்பை வெட்டிடட்டுமா, இருக்கட்டுமா?"

உடனே எனக்குள் மணி அடித்தது. இதை வைத்துக் கதை கட்டி விற்கப் பார்க்கிறாரோ? "எங்க குடும்பக் கதை எங்கயும் வரக் கூடாது" என்றேன்.

"கதை வேணாங்க. வாசிப்பே போதும்."

அம்மா என்னைப் பார்க்காமல் அவரிடம் சொன்னாள்: "மத்தவங்க வாசிக்கறப்ப நிறுத்தினா மறந்துட்டாங்களோன்னு தோணும். இவர் நிறுத்தினா நமக்குத்தான் ஏதோ மறந்துபோன மாதிரி இருக்கும். அதை யாரும் கவனிச்சதில்ல. நீங்க கவனிச்சிருக்கீங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சிரிப்பு இருக்கட்டும். என் பேரும் போடுங்க. அந்த நாலு கட்டை என்னோடது" என்றாள்.

ஒப்பந்தத்தை மூன்று தடவை படித்தேன். உள்குத்து ஒன்றும் இல்லை. நான்காவது தடவையும் படித்தேன். பிறகு கையெழுத்துப் போட்டோம்.

செப்டம்பர் 18

இசைத்தட்டு வந்து ஒரு மாதம். உலகம் ஒன்றும் புரண்டுவிடவில்லை. ஒரு பத்திரிகையில் சின்னதாக எழுதியிருந்தார்கள். அறிமுகமில்லாத ஒருவர் அழைத்து, அந்த ஓட்டலில் பல தடவை சாப்பிட்டதாகவும், இப்போதுதான் கேட்டதாகவும் சொல்லி அழுதார். நானும் அந்தக் கட்சிதான் என்றேன்.

இன்று மாலை வானொலியில் மூன்றாவது பாட்டைப் போட்டார்கள். சித்தி வந்திருந்தாள். அம்மா அவளிடம் அப்பாவைப் பற்றிப் பேச நேர்ந்தால் இத்தனை வருஷமும் 'அந்த ஆளு' என்பதோடு சரி. பாட்டு ஓடும்போதே சித்தி மருமகள் புராணத்தைத் தொடங்கினாள். நான் சத்தத்தைக் குறைக்கக் கையை நீட்டினேன்.

அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

"சும்மா இரு. உங்க அத்தான் வாசிக்கிறாருல்ல" என்றாள் சித்தியிடம்.