வலப்பக்கத்து ஆள்

தெமோதரை,
26.10.2025, ஞாயிறு.

அன்புள்ள தம்பி ஜீவனுக்கு,

உன் அண்ணி நிரஞ்சலா எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம், உன் சுகமறிய ஆவல் என்றுதான் கடிதம் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். முதல் பாதியை எழுதப் பேனா முரண்டு பிடிக்கிறது. ஆகையால் இரண்டாம் பாதியை மட்டும் கேட்டு வைக்கிறேன். நீ சுகமா? அங்கே குளிர் தொடங்கிவிட்டதா? அந்த மர மில்லில்தான் இன்னும் வேலையா?

இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறாளே என்று நீ சிரிப்பாய். எங்கள் இரண்டு பேருக்கும் இருப்பது ஒரே போன், அதுவும் பகல் முழுக்க உன் அண்ணனிடம். நம் லயத்துக் காம்பிரா, ஒற்றை அறை, உனக்குத் தெரியாததா? வாசலில் நின்று நான் மூச்சு விட்டாலும் உள்ளே படுத்திருப்பவருக்குக் கேட்கும். கொஸ்லந்தை சுரேஸ் லீவு முடிந்து வியாழக்கிழமை ருமேனியாவுக்குத் திரும்புகிறாராம். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். படித்த உடனே போனை எடுத்து அண்ணனிடம் கத்திவிடாதே. முதலில் கடைசி வரி வரைக்கும் படி.

தீபாவளி போன திங்கட்கிழமை வந்தது, போனது. முறுக்கு சுட்டேன். பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தது போக மீதி டின்னில் அப்படியே இருக்கிறது. மழை விட்டபாடில்லை. மலையில் அட்டை, காலில் புண், கொழுந்தும் குறைவு. இதெல்லாம் எப்போதும் உள்ளதுதான்.

தீபாவளிக்கு முதல் நாள் நீ போன் எடுத்தாய். கையில் வைத்து விளையாடுகிற கேம் ஒன்று வாங்கியிருப்பதாகவும், உன் அறையில் இருக்கும் பொடியன் அதற்குள் எந்தப் பழைய கேமைக் கேட்டாலும் போட்டுத் தருவான் என்றும், அண்ணனுக்கு என்னென்ன வேண்டும் என்று பட்டியல் சொல்லச் சொல்லியும் கேட்டாய். தை மாதம் ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன் என்றாய். எதையாவது போட்டு அனுப்பு என்று அண்ணன் சொன்னார், அதோடு லைன் அறுந்துவிட்டது. நெட்வேர்க் போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய். நெட்வேர்க் எங்கேயும் போகவில்லை. அவர்தான் அறுத்தார்.

தம்பி, உன் அண்ணனுக்கு வலது கை இல்லை. மணிக்கட்டோடு போய்விட்டது. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, எப்படி எழுதினாலும் இதுதான்.

சித்திரை வருசம் பிறந்து இரண்டாவது வாரம். தேயிலை ஸ்டோரில் இவருக்குக் கொழுந்து அரைக்கிற ரோலர் மிஷினில் வேலை. கொழுந்து அடைத்துக்கொண்டது என்று கையால் தள்ளிவிட்டிருக்கிறார். எத்தனையோ தடவை எல்லாரும் செய்கிற காரியம்தான். பதுளை ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். டாக்டர்மார் அவர்களால் ஆனதைச் செய்தார்கள். மிஷினை நிறுத்தாமல் கையை வைத்தது இவருடைய பிழை என்று ஸ்டோரில் எழுதிக்கொண்டு வந்து நீட்டினார்கள். கையெழுத்துக்குப் பதிலாக இடது பெருவிரலை அமுக்கிக் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சூடம் அணைத்துச் சத்தியம் வாங்கினார். போனில் சொல்ல மாட்டேன் என்றுதான் நான் அணைத்தேன். கடிதத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. உனக்குத் தெரிந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்று பயப்படுகிறார். நீ முதல் கம்பனியை விட்டுவிட்டுப் பேப்பர் இல்லாமல் வேறு இடத்தில் நிற்பது எங்களுக்குத் தெரியும். வந்தால் திரும்பிப் போக முடியாது என்பதும் தெரியும். அதனால்தான் ஆறு மாதமாக உன்னோடு பேசும்போதெல்லாம் இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் காட்டுகிறார். ஏன் எந்த நேரமும் படுத்தே கிடக்கிறாய் என்று ஒருநாள் கேட்டாயே, நினைவிருக்கிறதா? வலது பக்கம் போர்வைக்குள் இருந்தது.

எனக்கு என்ன பயம் என்றால், மனிதன் அடங்கிப்போனார். கோபமாவது பட்டால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லலாம். சாப்பிடு என்றால் இரண்டு வாய், குளி என்றால் குளிப்பு. மற்ற நேரமெல்லாம் போனில் விரலால் செய்தியை மேலே தள்ளிக்கொண்டே இருப்பார், படிக்கிறாரா என்றுகூடத் தெரியாது. போன மாதம் ஒருநாள், சோற்றைப் பிசைந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போது, நான் செத்தாலும் அவனுக்குக் கை போனது தெரிய வேண்டாம், போட்டோவில் முகம்தானே இருக்கும் என்றார். ஏதோ உப்புக் குறைவு என்று சொல்வது மாதிரி சொன்னார். அன்றையிலிருந்து காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய் நிற்கும்போதும் என் காது லயத்துப் பக்கம்தான் இருக்கிறது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் மலைக்குப் போனால் அவருக்குச் சுவர்தான் துணை.

நீ பட்டியல் கேட்டதும் எனக்கு ஒரு ஆசை வந்தது. ஒரு கையால் விளையாடுகிற மாதிரி அவருக்குப் பிடித்த பழைய கேம் ஒன்றிரண்டாவது இருந்தால் அதை மட்டும் போட்டு அனுப்பச் சொல்லலாம் என்று நினைத்தேன். ட்ரங்குப் பெட்டியைக் கிளறினேன். நீங்கள் இரண்டு பேரும் சின்னதில் எழுதி வைத்த கொப்பி அகப்பட்டது. நாம் பெரியவர்களானதும் வாங்க வேண்டிய கேம், மொத்தம் 15 என்று மேலே கோடு போட்டு எழுதியிருந்தது. ஆனால் ஏழுதான் இருக்கிறது. எட்டிலிருந்து உள்ள பக்கங்களை இரண்டு வருசத்துக்கு முந்தி ஒரு மழை நாளில் நான்தான் கிழித்து அடுப்புப் பற்றவைத்தேன். பழைய கொப்பிதானே என்று நினைத்துவிட்டேன். இன்றைக்கு என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இருக்கிற ஏழுக்கும் நீங்கள் வைத்த பெயரைப் பார்த்தால் எந்தக் கடைக்காரனுக்குப் புரியும்? அம்மா தேடுறது. மொட்டை சண்டை. பாலம் உடையிறது. கரண்ட் பாம்பு. படகு ரேஸ். கிணத்துப் பேய். டாங்கி. கசெட்டில் எழுதியிருந்தது உங்களுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து, ஆகவே பார்த்ததைப் பெயராக வைத்துக்கொண்டீர்களாக்கும். சரி, நீங்கள் விளையாடின கடையிலேயே கேட்போம் என்று நேற்றுப் பதுளைக்குப் பஸ் ஏறினேன். ரேஷனுக்குப் போவதாக அவரிடம் பொய் சொன்னேன்.

இப்றாஹீம் முதலாளியின் கடை இப்போது போன் கடை. மகன் றுஷ்தி நானாதான் பார்த்துக்கொள்கிறார். கொப்பியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். விசயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணாடிப் பெட்டியிலிருந்து நீ சொன்ன மாதிரி ஒரு கேமை எடுத்து என் கையில் தந்தார். நான் வலது கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு இடது கையால் மட்டும் பிடித்துப் பார்த்தேன். பெருவிரலுக்கு எட்டுவது சிலுவை மாதிரி இருக்கிற ஒரு கட்டை மட்டும்தான். குதிக்க, சுட, அடிக்க உள்ள பட்டன் எல்லாம் வலது பக்கத்தில் இருக்கிறது. செய்தவனைத் திட்டவும் முடியவில்லை, உலகத்தில் எல்லாருக்கும் இரண்டு கை இருக்கும் என்றுதானே நினைத்திருப்பான்.

றுஷ்தி நானா பென்சிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக யோசித்தார். பாலத்துக்குக் குதிக்க வேண்டும், முடியாது. மொட்டைகளை அடிப்பது முழுக்க வலது கை. படகுக்கும் டாங்கிக்கும் அப்படித்தான். கிணத்துப் பேயையும் வெட்டிவிட்டார். கரண்ட் பாம்புக்கு மட்டும் ஒரு கை போதுமாம். சந்தோசப்பட்டுக் கொப்பியைப் பார்த்தால், அதன் பக்கத்தில் உன் அண்ணன் தன் கையெழுத்திலேயே சரியான அலுப்பு என்று எழுதி வைத்திருக்கிறார். எங்கள் அதிர்ஷ்டத்தைப் பார்த்தாயா?

முதலாவது இருக்கிற அம்மா தேடுறது எது என்று அவருக்கும் விளங்கவில்லை. அப்போதுதான் உள்ளே சாய்வு நாற்காலியில் கிடந்த இப்றாஹீம் முதலாளி குரல் கொடுத்தார். அந்தக் குட்டி யானை கேம்தானே, தாயைத் தேடிக்கிட்டே போகுமே, அது அந்தத் தோட்டத்து அண்ணன் தம்பிட கேம் என்றார். கடைய மூடுற நேரம் வந்துரும், தாய் கெடைக்கிறத அந்தப் புள்ளயள் ஒரு நாளும் பாத்ததில்ல, பொறகு நானும் மிசின வித்துட்டன் என்றார். மாமி உங்களை விட்டுவிட்டுக் குவைத்துக்கு வேலைக்குப் போயிருந்த காலம் அது என்று எனக்கு உடனே உறைத்தது.

அவர் இன்னொன்றும் சொன்னார். அந்த மிசினுக்கு ஒரே ஒரு ரிமோட்தான் இருந்ததாம். யார் முதல் என்று உங்களுக்குள் சண்டை வந்து, கடைசியில் ஒரே ஸ்டூலில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து ஆளுக்குப் பாதியாகப் பிடிப்பீர்களாம். இடது பக்கம் பெரியவன், வலது பக்கம் சின்னவன். ஒருத்தன் ஓட்டுவான், மத்தவன் குதிப்பான், ரெண்டு பேரும் சேந்தாத்தான் ஒரு ஆள் என்றார். கடையில் நின்றே அழுதுவிட்டேன். றுஷ்தி நானா தண்ணீர் கொடுத்து, அன்றைக்கு மட்டும் அண்ணனிடம் கேட்டு வாங்கிப் போயிருந்த எங்கள் போனிலேயே ஏதோ ஒரு பழைய கேமையும் ஏற்றிக் கொடுத்தார்.

சாயந்திரம் வந்து அண்ணனிடம் கொப்பியைக் காட்டினேன். என் கையைப் பசார் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாயா என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நானும் விடவில்லை. போனைக் குறுக்கே பிடித்துக்கொண்டு அவருடைய வலது பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தேன். நீங்கள் ஓட்டுங்கள், நான் குதிக்கிறேன் என்றேன். பிறகு எழுந்து உட்கார்ந்து இடது பெருவிரலை வைத்தார். தம்பி, அந்த விரல் ஓடியதை நீ பார்த்திருக்க வேண்டும். ஆறு மாதமாகச் செத்துக் கிடந்த மனிதனின் விரல் இல்லை அது. நான்தான் கெடுத்தேன். குழி வரும்போது பிந்திக் குதித்தேன், குழி இல்லாத இடத்தில் முந்திக் குதித்தேன். நாலு தடவை விழுந்தோம். ஏசினால்கூடத் தேவலை. பரவாயில்லை புள்ள, பஸ்ஸில அலைஞ்சி வந்திருக்க, வையி என்று அவ்வளவு மெதுவாகச் சொன்னார். அவனுக்கு நான் சொல்லவே வேண்டாம், நான் நினைக்கிறப்பவே குதிச்சிருவான் என்றார். அதோடு படுத்துவிட்டார்.

இன்றைக்குக் காலையிலிருந்து போனைக்கூடத் தொடவில்லை. அதனால்தான் கோயிலுக்குப் போகிறேன் என்று வந்து, கோயில் படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உன்னை வா என்று எழுத எனக்கு உரிமை இல்லை. வராதே என்று எழுதவும் மனம் வரவில்லை. ஆகவே முடிந்ததை மட்டும் கேட்கிறேன். அந்தக் கேமை யாரிடமும் கொடுத்து அனுப்பாதே. அது இந்த வீட்டுக்கு நீ இல்லாமல் வந்தால், அதைப் பார்த்துப் பார்த்தே அவர் முடிந்துபோவார். உன்னிடமே இருக்கட்டும். எந்த வருசம் வருகிறாயோ அந்த வருசம் நீயே கொண்டுவா. குட்டி யானையை மட்டும் மறக்காமல் அதற்குள் போட்டு வை.

இன்னொன்று. எட்டாவதிலிருந்து பதினைந்து வரைக்கும் உள்ள பெயர்கள் இப்போது உங்கள் இரண்டு பேர் தலையிலும்தான் இருக்கின்றன. உனக்கு எல்லாம் நினைவிருந்தாலும் ஏழுக்கு மேல் மறந்துவிட்டது என்று சொல். அறைப் பொடியனோடு பந்தயம், எட்டாவது என்ன அண்ணே, யோசித்து வை, அடுத்த ஞாயிறு கேட்கிறேன் என்று சொல். ஒரு ஞாயிற்றுக்கு ஒரு பெயர் மட்டும் கேள். ஆசையில் எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டுவிடாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும். அடுத்த ஞாயிறு வரைக்கும் அவர் இருக்க வேண்டும். பதினைந்து முடிந்தால் பதினாறு இருந்தது என்று பொய் சொல். கை விசயம் தெரிந்த மாதிரி மூச்சு விடாதே. சூடத்துக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

மாரியம்மன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. காதை மூடித் தொப்பி போடு. மில்லில் மரம் அடைத்துக்கொண்டால் அடைத்தபடியே கிடக்கட்டும், யார் ஏசினாலும் ஏசட்டும், கையை மட்டும் உள்ளே விடாதே தம்பி. உன் வலது கையை நம்பி இங்கே ஒருவர் இருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அண்ணி
நிரஞ்சலா